படுத்தால் 142, நின்றால் 108

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மணி ரெண்டரை இருக்கும், ஒண்ணுக்குப் போக எழுந்தவன் பாத்ரூமில் நின்றபடியே விழுந்தேன். விழுந்ததே எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தால் கன்னம் தரையில் ஒட்டிக் கிடக்கிறது, குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, நெற்றியிலிருந்து வழிவது தண்ணியா ரத்தமா என்று நாக்கில் பட்ட பிறகுதான் புரிந்தது. வீட்டில் யாரும் இல்லை. மகளுக்கு ரெண்டாவது பிரசவம், மூத்தவனை ஸ்கூலை விட்டுக் கூட்டிவர முடியாது என்று என் வீட்டுக்காரி திருப்பூருக்குப் போய் மூன்று வாரமாகியிருந்தது. போன் கட்டில்மேல். அந்தப் பதினைந்து அடி தூரத்தை நான் தவழ்ந்து போனேன். 57 வயதில் சொந்த வீட்டில் குழந்தை மாதிரி தவழ்ந்தபோது வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது, அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை பக்கம். இந்தப் பக்கம் பாலக்காடு, அந்தப் பக்கம் பொள்ளாச்சி, நடுவில் தென்னந்தோப்பும் நாங்களும். கொப்பரைக் களம் வைத்திருக்கிறேன். தேங்காய் உடைத்து, வெயிலில் காயப்போட்டு, பருப்பு நோண்டி, சாக்குப் பிடித்து லோடு ஏற்றுவதுதான் தொழில். பாலக்காட்டுக் கணவாய் வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், பிப்ரவரி கடைசியிலேயே களத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. சுற்றிலும் இளநீர் தொங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் தண்ணி குடிக்காமல் விழுந்தான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன்.

எப்படி அந்த நிலைமைக்கு வந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆறு வருஷமாக எனக்குப் பிரஷர் மாத்திரை, பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் எழுதியது. அது ஒரே மாத்திரைதான், ஆனால் உள்ளே ரெண்டு மருந்து: டெல்மிசார்ட்டான் 40, ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5. ரெண்டாவது பெயர் நீரைப் பிரிய வைக்கிற மருந்து என்பது ஆறு வருஷமாக அட்டையைக் கிழித்து விழுங்கிய எனக்குத் தெரியாது. போன டிசம்பரில் மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது, ராத்திரி நாலு தடவை எழ வேண்டியிருக்கிறது என்று கோயம்புத்தூரில் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். புராஸ்டேட் வீக்கம் என்று டாம்சுலோசின் 0.4 எழுதினார். அவரிடம் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னேனா என்றால், "பிரஷர் இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன். என்ன மாத்திரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. அப்புறம் என் பங்குக்கு ஒரு வைத்தியம் செய்துகொண்டேன். தண்ணி குடித்தால்தானே எழ வேண்டும், குடிக்காவிட்டால்? சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணியே இல்லை, ராத்திரி மாத்திரைக்கு ரெண்டு மடக்கு. பகலிலும் களத்தில் பெண்கள் இருக்கிற இடத்தில் அடிக்கடி தென்னை மறைவுக்கு ஓட வேண்டுமே என்று குறைத்தேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் உள்ளே போயிருந்தால் அதிகம். இந்த வெயிலில்.

உடம்பு முன்கூட்டியே சொல்லத்தான் செய்தது. குத்துக்காலிட்டு சாக்கு தைத்துவிட்டு எழுந்தால் கண்ணில் இருட்டு, ஒரு விநாடி தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் தலை லேசாக மிதக்கும், பிடரியும் தோளும் இழுத்துப் பிடிக்கும். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்தேன், கொத்தமல்லி சீரகம் கொதிக்க வைத்து அரை டம்ளர் குடித்தேன். எழுந்தால் மட்டும் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்பதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று தோன்றவில்லை. உங்களுக்கோ வீட்டில் பெரியவர்களுக்கோ தலைசுற்றல் வந்தால் முதலில் இதைக் குறித்து வையுங்கள். படுத்திருக்கும்போதே சுற்றுகிறதா, தலையைத் திருப்பினால் சுற்றுகிறதா, எழுந்து நின்றால் இருட்டுகிறதா. மூன்றும் வேறு வேறு. நான் எல்லா டாக்டரிடமும் "தலை சுத்துதுங்க" என்று ஒரே வார்த்தையைச் சொன்னேன், அவர்களும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மருந்து கொடுத்தார்கள்.

விடிகாலை பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில் கோயம்புத்தூர் போனோம். நாலு தையல். தலையில் அடிபட்டு நினைவு தப்பியவனுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தது நியாயம்தான், ஈ.சி.ஜி. எடுத்ததும் நியாயம், அதில் எனக்குக் குறையில்லை. மயக்கம் போட்டு விழுந்தால் இதயத்தையும் மூளையையும் பார்த்தே ஆக வேண்டும், தண்ணி குடித்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ரெண்டு நாள் அட்மிஷன், எம்.ஆர்.ஐ., எக்கோ, இருபத்து நாலு மணி நேரம் நெஞ்சில் ஒயரை ஒட்டி எடுக்கிற ஹோல்டர், கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர், கழுத்து எலும்பு தேய்மானம் என்று ஒரு காலர், காது சம்பந்தமான தலைசுற்றல் மாத்திரை ஒரு மாதத்துக்கு. எல்லாம் நார்மல், எல்லாம் நார்மல். டாக்ஸி வாடகையும் சேர்த்து 49,000 ரூபாய். காலரைக் கட்டிக்கொண்டு களத்தில் நின்றால் லோடு ஏற்றுகிற பையன்கள் நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். அந்த ரெண்டு நாளில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது பிரஷர் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டிலில் படுத்தோ சாய்ந்தோ இருந்தேன். 138, 140, 142. "கொஞ்சம் கூடுதலா இருக்கு, உப்பைக் குறைங்க" என்றார்கள். நிற்க வைத்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏற்றியபோது ரெண்டு நாள் சுறுசுறுப்பாக இருந்தேன், அதுவும் ஒரு துப்புதான். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடைக் கொட்டகையில் குனிந்து சாக்கு எண்ணிவிட்டு நிமிர்ந்தேன், அவ்வளவுதான் தெரியும். இந்தத் தடவை சாக்கு மேல் விழுந்ததால் அடி இல்லை. பருப்பு நோண்ட வருகிற ஒரு அம்மா முகத்தில் தண்ணி தெளித்துவிட்டு, "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க தண்ணி குடிச்சு இந்த ரெண்டு மாசமா நான் பார்த்ததே இல்லைங்க" என்றார். நாள் முழுக்க எதிரில் உட்கார்ந்திருக்கிறவர். 49,000 ரூபாய்க்குக் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

கோயம்புத்தூர் போகக் கையில் காசில்லாததால்தான், பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் பஞ்சாயத்து ஆரோக்கிய நிலையத்துக்குப் போனேன். ஓ.பி. சீட்டுக்கு ஒரு டீக்காசுகூட ஆகவில்லை. சின்ன வயசு டாக்டரம்மா, மலையாளி, எங்களோடு பேசிப் பேசி அரைத் தமிழ் வரும். முதல் கேள்வியே, "சேட்டா, ஒரு நாளைக்கு எத்தனை வெள்ளம் குடிக்கும்?" அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணி. நமக்கு வெள்ளம் என்றால் ஊரே மிதக்கணும், எனக்கோ ஒரு சொம்பு போகவில்லை. சொன்னேன். அடுத்து, வீட்டில் சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் மேஜையில் கொட்டச் சொன்னார். ரெண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "ஆ" என்று ஒரு சத்தம் போட்டார். அப்புறம் ஐந்து நிமிஷம் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார்: 142/84. எழுந்து நிற்கச் சொன்னார், கையில் பட்டையைக் கழற்றவில்லை. ஒரு நிமிஷத்தில் 112/68, மூன்றாவது நிமிஷத்தில் 108/66. எனக்கு அப்போதே கண் மங்கியது, நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டார். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதற்கே தனிப் பெயர் இருக்கிறதாம், எனக்கு 34 குறைந்திருந்தது. மொத்தப் பரிசோதனைக்கு ஆன நேரம் பத்து நிமிஷம். தலைசுற்றல் என்று யார் போனாலும் "படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கத் தெரியாமல் கெட்டவன்.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த மாதிரியே எழுதுகிறேன். நாம் எழுந்து நின்றால் அரை லிட்டர், ஒரு லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துப் பக்க ரத்தக் குழாயில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற நரம்புமுனைகள் உண்டு. அவை மூளைக்குச் சேதி சொல்லி, தானியங்கி நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தைக் கொஞ்சம் வேகமாக அடிக்க வைத்து, தலைக்குப் போகிற ரத்தத்தைக் காப்பாற்றுகின்றன. எல்லாம் சில விநாடிக்குள். என் விஷயத்தில் மூன்று ஓட்டை. வயதானதால் நரம்பு கொஞ்சம் மெதுவாகிவிட்டது. டாம்சுலோசின் புராஸ்டேட் பக்கத்துத் தசையைத் தளர்த்துகிற மருந்து, அது சாவி மாதிரி போய் ஒட்டுகிற அதே பூட்டு ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருப்பதால் இறுக்க வேண்டிய குழாயைச் சிலருக்கு அது இறுக்க விடாது. நீர் பிரியும் மருந்தும் என் விரதமும் சேர்ந்து குழாய்க்குள் இருக்கிற சரக்கையே குறைத்துவிட்டன. இத்தனையும் போதாதென்று நடுராத்திரி, சூடான படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து, நின்றுகொண்டே முக்கி மூத்திரம் போவது. முக்குவதும் நிறைந்த பை காலியாவதும் தனியாகவே பிரஷரை இறக்குமாம். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: ராத்திரியில் உட்கார்ந்து போங்கள். இதில் ஆண்மை ஒன்றும் குறையாது, நெற்றியில் தையல் போட்ட பிறகுதான் எனக்கும் இது புத்தியில் ஏறியது.

தண்ணி விஷயத்தில் என்னை ஆச்சரியப்படுத்தியது வேறொன்று. தண்ணி குடித்தால் ரத்தத்தின் அளவு கூடும், அதனால் பிரஷர் ஏறும் என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா மகன் பிசியோதெரபி படிக்கிறான், அவன்தான் உட்கார்ந்து படித்துச் சொன்னான். அமெரிக்காவில் நாஷ்வில் ஊரில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம், அங்கே 1999, 2000 வாக்கில் தானியங்கி நரம்பு கெட்டுப்போன நோயாளிகளுக்கு 480 மில்லி வெறும் குழாய்த் தண்ணி குடிக்கக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மேல் அளவு சராசரியாக 30க்கு மேல் ஏறியிருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்குள் ஏற ஆரம்பித்து, அரை மணியில் உச்சிக்குப் போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறது. நோயில்லாத வயதானவர்களுக்கு 11 போல ஏறியது. நல்ல திடமான இளவட்டங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை, அவர்கள் நரம்பு ஏறுவதை உடனே சரிக்கட்டிவிடுகிறது. அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு மருந்தின் வேலை! ரத்தம் கூடியதால் இல்லை, நரம்பு முறுக்கேறியதால். தண்ணி குடித்தபின் ரத்தத்தில் நார்அட்ரினலின், அதாவது ரத்தக் குழாயை இறுக்க நரம்பு சுரக்கிற பொருள், ஏறுகிற அளவு காபிக்கும் நிகோட்டினுக்கும் ஏறுகிற அளவுக்கு ஈடாக இருந்ததாம். இன்னொரு வேடிக்கை, உப்புக் கலந்த தண்ணிக்கு இந்த விளைவு குறைந்துவிடுகிறது. வெறும் தண்ணி குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிற ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்க வைக்கிறது, அங்கே இருக்கிற உணர்வு நரம்புகள் அதைக் கண்டுபிடித்துத் தூண்டிவிடுகின்றன என்று பின்னாளில் எலிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்த தானம் கொடுக்கப் போனால் முன்னாடி ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கச் சொல்வது சும்மா உபசாரம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன், தொழில் புத்தி. 1,900 ரூபாய்க்குக் கையில் கட்டுகிற பிரஷர் மெஷின் வாங்கி, கொப்பரை எடைச் சீட்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். காலையில் எழுந்து நின்றபடி பார்த்தால் 106, 109, 104. எவர்சில்வர் டம்ளரில் ரெண்டு டம்ளர் தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அரை மணி கழித்து நின்று பார்த்தால் 119, 122, 118. பத்து நாள் எழுதினேன், ஒரு நாள்கூடக் குறையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பிக் குடித்தால் இந்த அளவுக்கு ஏறவில்லை. இதில் கவனிக்க வேண்டியது நேரம். காலையில் வேலை தொடங்குமுன் குடிக்கணும். மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் குடிக்கணும், ஏனென்றால் சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுப் பக்கம் போய் வயதானவர்களுக்குப் பிரஷர் இறங்கும், எனக்கு மதியம் தலை மிதந்தது அதனால்தான். படுக்கப் போகும்போது அரை லிட்டர் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. என்னைப் போல் படுத்தால் ஏறி நின்றால் இறங்குகிறவனுக்குப் படுக்கையில் இன்னும் ஏறும், ராத்திரி எழுவதும் கூடும். ஆக, நான் செய்ததற்கு நேர் எதிர்: பகலில் நிறைய, ராத்திரி எட்டுக்கு மேல் கொஞ்சமாக.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். இங்கேதான் நான் அடுத்த முட்டாள்தனம் செய்தேன். டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார், ரெண்டு லிட்டர், ரெண்டரை லிட்டர் போதும், ஒரு வாரத்துக்குள் பொள்ளாச்சி டாக்டரைப் பார்த்துப் பிரஷர் மாத்திரையை மாற்றச் சொல்லுங்கள் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தண்ணிமேல் பக்தி வந்துவிட்டது. ஐந்து லிட்டர், சில நாள் ஆறு. வீட்டில் பதிமுகம் என்கிற மரச் சீவல் போட்டுக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணி, களத்தில் குடத்துத் தண்ணி. பழைய மாத்திரையும் தொடர்ந்தது, ஆஸ்பத்திரியில் சொன்னார்களே என்று உப்பையும் பாதியாகக் குறைத்திருந்தேன். பொள்ளாச்சி போகிறேன் போகிறேன் என்று மூன்று வாரம் ஓட்டினேன். ஏப்ரல் நடுவில் தலைவலி, குமட்டல், கால் இழுப்பு, லோடு கணக்கு எழுதும்போது பதினேழும் எட்டும் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினேன். மறுபடி அதே டாக்டரம்மா ரத்தம் பார்க்க அனுப்பினார், சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கிற உப்பு, 124. 135இலிருந்து 145க்குள் இருக்க வேண்டியது. நீர் பிரியும் மருந்து உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், மேலே வெறும் தண்ணியாக ஊற்றினால் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகும், அதில் மூளை வீங்கி வலிப்பு வரைக்கும் போகலாமாம். ரெண்டு நாள் அட்மிஷன், 8,200 ரூபாய். இது யார்மேலும் போட முடியாத செலவு, முழுக்க என் கணக்கு. கல்லீரல் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, இதய வீக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணி அளவே வேறு, சிலருக்கு ஒரு லிட்டர்தான் என்று கட்டிவிடுவார்கள், அவர்கள் என்னுடைய ரெண்டு டம்ளர் கணக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பிரஷர் மாத்திரை இப்போது மாறிவிட்டது, நீர் மருந்து இல்லாத ஒன்று. புராஸ்டேட் மாத்திரை அதேதான். நானாக எதையும் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், டப்பாவோடு போகிறேன். நின்றுகொண்டிருக்கும்போது கண் இருட்டினால் காலைக் குறுக்கே மாற்றிப் போட்டுத் தொடையை இறுக்கு, கையை முஷ்டி பிடி என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பேங்க் வரிசையில் ரெண்டு தடவை அது என்னைக் காப்பாற்றியது. அதற்கும் கேட்கவில்லை என்றால் மானம் பார்க்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் மளிகைக் கடை வாசலில் உட்கார்ந்தேன், தெரிந்தவர் ஒருவர் "என்னங்க, காலையிலேயேவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். போகட்டும்.

திருப்பூரிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள், வீடு நிறைய ஆள். நான் விழுந்ததை முதல் ஒரு வாரம் வீட்டுக்காரியிடம் சொல்லாமல் மறைத்ததற்கு இன்னும் வசவு நிற்கவில்லை. ராத்திரி ரெண்டரைக்கு இப்போதும் முழிப்பு வருகிறது, அதை எந்த மாத்திரையும் முழுசாக நிறுத்தவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கால் ரெண்டையும் மேலும் கீழும் ஆட்டி, அறுபது எண்ணிவிட்டுத்தான் எழுகிறேன். பல நாள் நாற்பதில் பக்கத்து அறைப் பேத்தி அழ ஆரம்பிக்கும், எண்ணிக்கை தப்பிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன்.